வெள்ளைக் கோடும் வெண்கதிரும்

போன மாதம் ஒரு நாள் பொழுது விடிகிற நேரத்தில் ஊரிலிருந்து தம்பி மகன் போன் பண்ணினான்.

"பெரியப்பா, நட்டு இருபத்தஞ்சு நாள் ஆவுது. பயிரு பூரா வெள்ள வெள்ளயா கோடு விழுந்து கெடக்குது. புழு இலைய மடக்கிக்கிட்டு உள்ள உக்காந்திருக்குது. கடையில மூணு மருந்து கலந்து அடிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னிக்கே அடிச்சிடட்டுமா?"

"அவசரப்படாதே, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு பஸ் ஏறி நைனார்பாளையம் போய்ச் சேர்ந்தேன். ஏரிக்குக் கீழே இருக்கிற அதே பழைய வயல்தான். வரப்பில் நின்று பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. இலைகள் நீளவாக்கில் மடங்கி, பச்சை சுரண்டப்பட்டு, வெயிலில் வெள்ளைக் காகிதத் துண்டுகள் போல மினுங்கின.

"மருந்து வேண்டாம். பதினைந்து நாள் பொறு" என்றேன்.

அவனுக்குக் கோபம். "பெரியப்பா, நீங்க வாத்தியாரா இருந்து பென்ஷன் வாங்குறவங்க. பயிரு போச்சுன்னா கடன்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. வரப்பில் நின்றுகொண்டு அவனுக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இதே வயலில், இதே வெள்ளைக் கோட்டைப் பார்த்து, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவும் பயந்தார். அந்தப் பயத்துக்கு நாங்கள் கொடுத்த விலை எனக்கு நினைவிருக்கிறது.

நெல் வயலில் புழு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒரே புழு இல்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் குறைந்தது நான்கைப் பிரித்து அறிந்திருந்தார்கள்.

முதலாவது படைப்புழு. இது நாற்றங்காலின் எதிரி. இரவோடு இரவாக வந்து, காலையில் பார்த்தால் நாற்றங்காலில் மாடு இறங்கி மேய்ந்த மாதிரி ஆக்கிவிடும். ஒரு வயல் தீர்ந்ததும் கூட்டமாக வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போகும். அதனால்தான் படை என்ற பெயர். நாற்றங்காலில் தண்ணீரை நிறையக் கட்டினால் புழுக்கள் மிதக்கும். கொக்கும் மைனாவும் வந்து பொறுக்கிக்கொள்ளும். வாத்து மேய்க்கிறவர்கள் வந்தால் கூப்பிட்டு வயலில் இறக்கிவிடச் சொல்வார்கள்.

இரண்டாவது கூண்டுப்புழு. இலை நுனியைக் கத்தரித்து, சுருட்டிக் குழாய் போலக் கூடு செய்து, அதற்குள் இருந்துகொண்டு தண்ணீரில் மிதந்து செடிக்குச் செடி போகும். இதற்கு எங்கள் தாத்தா செய்த வைத்தியத்தை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். தேங்கி நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவார். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வரப்பில் நின்று, கயிற்றைப் பயிரின் மேல் உரசும்படி இழுத்துக்கொண்டு போவார்கள். கூடுகள் தண்ணீரில் விழும். பிறகு மடையைத் திறந்து வடித்துவிடுவார்கள். இழுத்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது பல நாள் நான்தான்.

மூன்றாவது குருத்துப்பூச்சி. தண்டு துளைப்பான் என்று இலாகாக்காரர்கள் எழுதுவது இதைத்தான். தாய்ப்பூச்சி மஞ்சளாக இருக்கும். பெண் பூச்சியின் முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. இலை நுனியில் குவியலாக முட்டையிட்டு, தன் உடம்பு ரோமத்தாலேயே மூடி வைக்கும். பொரித்து வந்த புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் வெளியே தெரியாது. இளம்பயிரில் புகுந்தால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். கதிர் வரும் சமயத்தில் புகுந்தால் கதிர் முழுவதும் வெளுத்து, ஒரு மணி கூடப் பால் பிடிக்காமல் நட்டமாக நிற்கும். அதுதான் வெண்கதிர். முற்றிய கதிர் தலை சாயும். வெண்கதிர் தலை நிமிர்ந்தே நிற்கும்.

இதற்கும் பெரியவர்கள் வழி வைத்திருந்தார்கள். நடுவதற்கு முன்னால் நாற்று முடியின் நுனியைக் கிள்ளிப் போடுவார்கள். முட்டைக் குவியல் பெரும்பாலும் அந்த நுனியில்தான் இருக்கும். அறுப்பு முடிந்ததும் கோடை உழவு. தாளுக்குள் தூங்குகிற புழு வெயிலில் வெந்து சாகும், பறவைக்கு இரையாகும்.

நான்காவதுதான் இலைச்சுருட்டுப் புழு. தம்பி மகன் பார்த்துப் பயந்தது இதைத்தான். இதைப் பற்றித் தாத்தா காலத்தில் பெரிதாக யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதிகம் தெரிந்தால் ஒரு முள்ளுக் கிளையைப் பயிரின் மேல் லேசாக இழுத்துவிடுவார்கள். மடங்கிய இலை பிரிந்து புழு கீழே விழும். அவ்வளவுதான்.

இந்த நான்கும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே இவற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்லூரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மாறியது. சென்னை அரசாங்கத்தின் பூச்சியியல் அதிகாரியாக இருந்த பெயின்பிரிக் பிளெட்சர் என்பவர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1914இல் வெளிவந்தது. அவருக்குப் பின்னால் அந்தத் துறையில் பேர் பெற்றவர் நம்மவரான டி.வி. ராமகிருஷ்ண அய்யர். அவருடைய கையேடு 1940இல் வந்தது. 1919இல் பயிர்ப் பூச்சி, நோய்களுக்காகவே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு பகுதியில் பூச்சி பரவினால், இன்ன வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று எல்லா விவசாயிகளுக்கும் உத்தரவு போட அது அதிகாரம் கொடுத்தது. ஒருவன் வயலை மட்டும் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை, ஊரே சேர்ந்து செய்தால்தான் பூச்சி அடங்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் நெல்லுக்குச் சொல்லப்பட்ட வழிகளும் ஏறக்குறைய நம் தாத்தாக்கள் செய்தவைதான்: தண்ணீரைக் கட்டுவது, வடிப்பது, மண்ணெண்ணெய், விளக்கு வைத்துத் தாய்ப்பூச்சியைப் பிடிப்பது, தாளை உழுதுவிடுவது. புழு ஒன்றுமே தின்னவில்லை என்று சொல்ல மாட்டேன். தின்றது. சில வருஷம் நிறையவே தின்றது. ஆனால் அடுத்த வருஷம் தானாக அடங்கியது.

அறுபதுகளில் எல்லாம் மாறியது. பஞ்சமும் ரேஷன் வரிசையும் கண்டவர்களுக்கு அந்த மாற்றத்தின் அவசியம் தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1965இல் ஆடுதுறை 27 வந்தது. திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டு விவசாயிகள் அதைப் போட்டதால் தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர். அடுத்த வருஷம், 1966இல், பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8ஐ வெளியிட்டது. குட்டைப் பயிர், சாயாது, யூரியா போடப் போட விளையும்.

யூரியாவால் பயிர் கரும்பச்சையாகத் தழைத்தது. இளசான, சாறு நிறைந்த இலை புழுவுக்கு விருந்து. கிணற்றில் மோட்டார் வந்ததும் ஒரு போகம் இரண்டு போகமாயிற்று. தாளுக்குள் இருந்த புழு பட்டினி கிடக்க வேண்டிய கோடைக்காலமும் குறைந்துபோனது. அதுவரை ஓரத்தில் கிடந்த இலைச்சுருட்டுப் புழு முன்வரிசைக்கு வந்தது இப்படித்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா எங்கள் ஏரிக்கரை வயலில் முதன்முதலாக ஐ.ஆர்.8 போட்டார். நான் அப்போது ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். நட்டு மூன்று நான்கு வாரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. அப்பா முகம் சுண்டிப்போயிற்று. விதைக்கும் யூரியாவுக்கும் கடன் வாங்கியிருந்தார். அப்போது எல்லோரும் அடித்த மருந்து எண்டிரின். அப்பாவும் வாங்கி வந்தார்.

மருந்து அடித்தவர் எங்களிடம் வெகுகாலம் வேலை செய்தவர். மேலுக்குச் சட்டை இல்லை. மூக்கில் ஒரு துண்டு. வாளியில் குச்சி விட்டுக் கலக்கினார், குச்சி போதாதபோது கையாலும் கலக்கினார். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு யாருக்கும் தெரியாது. மறுநாள் வயலில் தவளை, நண்டு, அயிரை மீன் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்தத் தண்ணீரில் கை நனைக்கக் கூடாது என்று அம்மா எங்களைத் தடுத்துவிட்டாள்.

கோடு மறையவில்லை என்று பத்து நாளில் இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை. மூன்றாம் முறை அடித்த அன்று அந்த மனிதர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். வாயில் நுரை. வண்டி கட்டிச் சின்னசேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் வயலில் இறங்கவே இல்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு முகமில்லை.

அவ்வளவும் செய்து, கதிர் வந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? வயலில் பாதிக்கு மேல் வெண்கதிர். அப்பா ஒரு கதிரை மெல்ல இழுத்தார். சதைப்பிடிப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "மூணு தடவ அடிச்சேனே" என்று மட்டும் சொன்னார். அந்த வருஷக் கடன் அடைய நாலு வருஷம் ஆயிற்று.

அன்று எங்களுக்குப் புரியாதது பிற்காலத்தில் படித்தபோது புரிந்தது. அப்பா அடித்தது இலைச்சுருட்டுப் புழுவுக்கு. கதிரைக் கொண்டுபோனது குருத்துப்பூச்சி. நெல் வயலில் சிலந்தி இருக்கிறது, தட்டான் இருக்கிறது, தண்ணீரில் வண்டுகள் இருக்கின்றன. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகள் இருக்கின்றன. அவை குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தங்கள் முட்டையை வைத்து, அதைப் பொரிக்கவிடாமல் செய்துவிடும். மருந்து முதலில் கொன்றது இந்தக் காவல்காரர்களை. தண்டுக்குள் பத்திரமாக இருந்த புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயல் அதற்குத் திறந்த வீடாயிற்று. எங்கள் வயலில் நடந்தது இதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. நட்ட முதல் நாற்பது நாளில் நெற்பயிர் தேவைக்கு மேலேயே இலை விடுகிறது, தூர் கட்டுகிறது. கொஞ்சம் இலை போனால் புது இலை விட்டு ஈடு செய்துகொள்ளும். இளம்பயிரில் நடுக்குருத்து சில காய்ந்தாலும் பக்கத் தூர் வெடித்து ஓரளவு சரிசெய்யும். ஈடு செய்ய முடியாத இடங்கள் இரண்டு: ஒன்று, கதிருக்கு முன்னால் வருகிற கடைசி இலையான கண்ணாடி இலை. மணிக்குப் பால் கொடுப்பதில் பெரும்பங்கு அதற்கு. இன்னொன்று வெண்கதிர். வெள்ளைக் கோடு கண்ணைப் பறிக்கும், ஆனால் இளம்பயிரில் பெரும்பாலும் மூட்டையைக் குறைக்காது. வெண்கதிரை உண்டாக்குகிற முட்டைக் குவியல் நகத்தளவுதான், தேடிப் பார்த்தால்தான் தெரியும். நாம் ஐம்பது வருஷமாகக் கண்ணுக்குத் தெரிந்ததற்கு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நெல் விளைகிற மற்ற நாடுகளும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. இந்தோனேசியாவில் மருந்துக்கு அரசாங்கமே பெரும் மானியம் கொடுத்தது. விளைவு, புகையான் பூச்சி பெருகி வயல் வயலாக எரிந்தது. அங்கே 1986இல் ஜனாதிபதி சுகார்த்தோ ஒரே உத்தரவில் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தார். பிறகு மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

வியட்நாமில் நடந்தது நம் கதைக்கு இன்னும் நெருக்கம். ஹியோங் என்ற பூச்சியியல் அறிஞரும், எஸ்கலாடா என்ற பேராசிரியையும், விவசாயிகள் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துத்தான் முதல் மருந்தை அடிக்கிறார்கள் என்று கண்டார்கள். 'நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் முதல் நாற்பது நாள் அடிக்காமல் விட்டு, நீங்களே அளந்து பாருங்கள்' என்பதுதான் யோசனை. 1994இல் மீகாங் ஆற்றுப் படுகையில் லாங் ஆன் மாகாணத்தில் வானொலி நாடகம், துண்டுப் பிரசுரம் எல்லாம் போட்டு இதைப் பரப்பினார்கள். மருந்து அடிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பெருமையான பங்கு உண்டு. திருவள்ளூர்ப் பக்கம் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1952இல் வெளிவந்த ரகம் டி.கே.எம்.6. கிச்சிலிச் சம்பா என்று நாம் சொல்லும் ஜி.ஈ.பி.24இன் வழியில் வந்தது. குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும் குணம் அதற்கு இருந்தது. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகள் அதைக் கொண்டுபோய் ஒட்டுச் சேர்த்து, 1969இல் ஐ.ஆர்.20ஐ வெளியிட்டார்கள். நாம் வருஷக்கணக்காகப் போட்டோமே அந்த ஐ.ஆர்.20, திரூர்க்குப்பத்தின் பிள்ளை வெளிநாடு போய்த் திரும்பி வந்ததுதான். பிற்காலத்தில் உலகத்திலேயே அதிகமான பரப்பில் பயிரான ஐ.ஆர்.36இலும் அதன் ரத்தம் ஓடுகிறது. அப்பா மூன்று முறை மருந்து அடித்துத் தேடியதில் ஒரு பங்கு, நம் மண்ணின் விதைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மருந்துகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாலிடால் என்றால் நம் தலைமுறைக்கு என்ன நினைவு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1958இல் கேரளத்தில் கப்பலில் வந்த கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் அந்த மருந்து கசிந்து கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் யோசித்து, 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். எண்டிரினை 1990இல் தடை செய்தார்கள். நாம் தூளாக ஊதிய பி.எச்.சி. 1997இல் போயிற்று. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் "ஒண்ணும் ஆவாது, தைரியமா அடிங்க" என்று நம் கையில் கொடுக்கப்பட்டதுதான்.

நம் பக்கத்தில் இப்போது நெல் குறைந்து மக்காச்சோளம் பெருகிவிட்டது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கன் படைப்புழு அதே வருஷம் நம் மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. பழைய நாற்றங்கால் படைப்புழுவுக்கு இது பங்காளி முறை, ஒரே பேரினம். அன்று நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். கடையில் கொடுத்ததையெல்லாம் கலந்து அடித்தார்கள்.

தம்பி மகனிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்கிறேன். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: இலைச்சுருட்டுப் புழுவுக்கு இளம்பயிரில் நூற்றுக்குப் பத்து இலை, பூக்கும் சமயத்தில் நூற்றுக்கு ஐந்து கண்ணாடி இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குருத்துப்பூச்சிக்கு ஒரு சதுர மீட்டரில் இரண்டு முட்டைக் குவியல். முட்டை ஒட்டுண்ணி அட்டை கிடைக்கிறது. கரும்பு போட்டவர்களுக்கு அது பழக்கமானதுதான், நெல்லுக்கும் கட்டலாம். வயலில் ஆங்காங்கே குச்சி நட்டால் ரெட்டைவால் குருவி வந்து உட்காரும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும்.

அன்று நானும் அவனும் வயலில் பத்து இடத்தில் இறங்கி எண்ணினோம். நூற்றுக்கு ஏழு எட்டு இலைதான் மடங்கியிருந்தது. வரப்பிலிருந்து பார்க்கும்போது வயலே போய்விட்ட மாதிரி தெரிந்தது, எண்ணினால் இவ்வளவுதான். முட்டைக் குவியல் மொத்தத்தில் மூன்று கண்டோம், கிள்ளி எடுத்தோம். அவன் முழு மனதோடு ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கி வைத்திருந்த மருந்தை மாட்டுக் கொட்டகையில் மேலே செருகி வைத்தான்.

நேற்று மறுபடியும் போன் பண்ணினான். புது இலை சுத்தமாக வந்திருக்கிறதாம். அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கதிர் வந்து தலை சாயும் வரை எனக்கும் தூக்கம் சரியாக வராது. கதிர் வெளியே வந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.